வெஸ்க் கண்ட்ரோலர் எதில் முந்தியது, எதில் பின்தங்கியது: ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரியில் ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெட்டர், தான் வடிவமைத்த மோட்டார் கண்ட்ரோலர் (பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பலகை) ஒன்றின் சர்க்யூட் படத்தையும் உள்ளே ஓடும் நிரலையும் எல்லோருக்கும் திறந்து வெளியிட்டார். பெயர் வெஸ்க். முதலில் அது எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறவர்கள் கையில்தான் போய்ச் சேர்ந்தது. பலகையின் அளவு 40 மி.மீ.க்கு 60 மி.மீ., அதிலும் கொஞ்சம் குறைவு. சில வருடங்களில் அதே வடிவமைப்பைப் பல நிறுவனங்கள் தயாரித்து விற்க ஆரம்பித்தன. ஸ்கேட்போர்டைத் தாண்டி சைக்கிள், ரோபோ, தண்ணீரில் ஓடும் பலகை என்று பல இடங்களுக்கு அது போனது.

விலையில் அது மலிவு கிடையாது. மின்சார சைக்கிளில் போடும் சீனக் கண்ட்ரோலர்கள் அதைவிட எப்போதுமே குறைந்த விலைக்குக் கிடைத்தன. தோற்றத்திலும் அது ஒரு வெறும் பலகை. அலுமினியப் பெட்டியோ ரப்பர் மூடியோ கிடையாது. அப்படியிருந்தும் அது சந்தையில் இடம் பிடித்ததற்குக் காரணம் மின்னோட்டத்தை எங்கே, எவ்வளவு ஒழுங்காக அளந்தது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். சைக்கிள் சந்தையை அதனால் முழுதாகப் பிடிக்க முடியவில்லை. அதற்கும் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர்

அந்தக் காலத்து சைக்கிள் கண்ட்ரோலர்களில் பலவற்றைத் திறந்து பார்த்தால், பேட்டரியின் மைனஸ் வரும் பாதையில் தடிமனான ஒரு சின்னக் கம்பி வளைந்து நிற்கும். அதுதான் ஷண்ட். அதன் குறுக்கே உண்டாகும் சில மில்லிவோல்ட்டைப் பார்த்து, பேட்டரியிலிருந்து எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று கண்ட்ரோலர் தெரிந்துகொள்ளும். 20 ஆம்பியரைத் தாண்டினால் குறைக்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆனால் மோட்டார் கம்பியில் ஓடும் மின்னோட்டம் வேறு. கண்ட்ரோலர் பேட்டரி மின்னழுத்தத்தை வெட்டி வெட்டிக் குறைத்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. மின்னழுத்தம் குறையும்போது அதே சக்திக்கு மோட்டார் பக்கத்து மின்னோட்டம் கூடும். சக்கரத்தின் முறுக்குவிசை இந்த மோட்டார் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை வெட்டும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் சூடாவதும் மோட்டார் சுருள் சூடாவதும் அதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 வோல்ட் பேட்டரி, 20 ஆம்பியர் எல்லை, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் (அவைதான் ஃபேஸ் கம்பிகள்) இரண்டுக்கு நடுவே 0.1 ஓம் தடை உள்ள ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார். ஏற்றத்தில் வண்டி நகராமல் நிற்கிறது, ஆக்சிலேட்டர் முழுதாகத் திருகியிருக்கிறது. பேட்டரியிலிருந்து வருவது 960 வாட். சக்கரம் சுற்றவில்லை என்பதால் கிட்டத்தட்ட அத்தனையும் சுருளில் சூடாகத்தான் போக வேண்டும். 0.1 ஓம் தடையில் 960 வாட் சூடாக வேண்டுமென்றால் மோட்டார் கம்பியில் ஏறக்குறைய 98 ஆம்பியர் ஓட வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதைப் போல ஐந்து மடங்கு.

இப்போது மாஸ்ஃபெட்டைப் பார்ப்போம். சைக்கிள் கண்ட்ரோலர்களில் பேர்பெற்ற ஐ.ஆர்.எஃப்.பி.4110 நூறு வோல்ட் தாங்கும். திறந்து மின்னோட்டத்தை விடும்போது அதன் தடை அதிகபட்சம் 4.5 மில்லிஓம். 20 ஆம்பியர் ஓடினால் அதில் 1.8 வாட் சூடு. 98 ஆம்பியர் ஓடினால் 43 வாட். சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் தடையும் கூடும் என்பதால் உண்மையில் அதற்கு மேலேயே போகும். ஷண்ட் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது, 20 ஆம்பியர்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இதோடு நிற்கவில்லை. வண்டி இன்னும் வேகமாக இழுக்க வேண்டும் என்று பலர் அந்த ஷண்ட் கம்பியின் மேல் சால்டர் வைத்தார்கள். தடை குறைந்ததும் கண்ட்ரோலருக்கு மின்னோட்டம் குறைவாகத் தெரியும், அதனால் கூடுதலாக விடும். பேட்டரி பக்கம் நிஜத்தில் 30 ஆம்பியர் போனால், மேலே சொன்ன அதே மோட்டாரில் 120 ஆம்பியர், மாஸ்ஃபெட்டில் 65 வாட். ஏற்றத்தில் நின்றபடி திருகிய சில விநாடிகளில் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி, சக்கரம் கையால் தள்ளுவதே கஷ்டமாகும் அளவுக்கு இறுகிப்போகும். மலிவு கண்ட்ரோலர் எரிந்த கதைகளில் பெரும்பகுதிக்கு அடியில் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

வெஸ்க் செய்த வேலை

வெஸ்க் ஷண்ட்டை ஃபேஸ் பக்கம் கொண்டுபோனது. மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டத்தையே அளந்து, அதைக் கட்டுப்படுத்துவதையே தன் அடிப்படை வேலையாக வைத்துக்கொண்டது. பேட்டரி மின்னோட்டத்தை அது கணக்கிட்டே தெரிந்துகொள்கிறது: மோட்டார் மின்னோட்டத்தை வெட்டு விகிதத்தால் (மாஸ்ஃபெட் பேட்டரியை மோட்டாரோடு இணைத்திருக்கும் நேரத்தின் பங்கு) பெருக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். 80 ஆம்பியர் மோட்டாரில், வெட்டு விகிதம் 10 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர்.

இதனால் எல்லைகள் நான்காகப் பிரிந்தன: மோட்டாருக்கு அதிகபட்சம், பிரேக் பிடிக்கும்போது மோட்டாருக்கு அதிகபட்சம், பேட்டரியிலிருந்து எடுப்பது, பேட்டரிக்குத் திருப்பிக் கொடுப்பது. பேட்டரி சின்னது, மோட்டார் பெரியது என்றால் மோட்டாருக்கு 60 ஆம்பியர், பேட்டரிக்கு 20 என்று வைக்கலாம். நின்ற இடத்திலிருந்து நல்ல இழுவை கிடைக்கும், பேட்டரி செல்லும் பாதுகாப்பாக இருக்கும். நான்காவது எல்லை பலருக்கு முக்கியமாகத் தெரிவதில்லை. ஆனால் முழு சார்ஜ் ஆன பேட்டரியோடு இறக்கத்தில் இறங்குகிறவருக்கு அதுதான் காப்பு. லித்தியம் செல்லுக்குள் திணிக்கக்கூடிய மின்னோட்டம், அதிலிருந்து எடுக்கக்கூடியதைவிட ரொம்பக் குறைவு.

ஆக்சிலேட்டரின் உணர்வும் மாறியது. பழைய வகைக் கண்ட்ரோலரில் ஆக்சிலேட்டர் மின்னழுத்தத்தை மாற்றும். கொஞ்சம் திருகினால் வண்டி தாவும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில் திருகும் அளவு நேரடியாக முறுக்குவிசை. நடைவேகத்தில் கூட்டத்துக்குள் ஓட்டிப் பார்த்தவருக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். வாங்குகிறவரை மனம் மாற வைப்பது பெரும்பாலும் இந்த உணர்வுதான். எந்தத் தகவல் அட்டையிலும் அதை எழுத முடியாது.

எல்லைகளை அது நெருங்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். மாஸ்ஃபெட் வெப்பம் 85 டிகிரியைத் தொட்டதும் மின்னோட்டத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், 100 டிகிரியில் முழுதாக நிறுத்தும். பேட்டரி இறங்கும்போதும் இப்படியே இரண்டு புள்ளிகள்: ஒன்றில் குறைக்கத் தொடங்கும், இன்னொன்றில் நிறுத்தும். திடீரென்று சக்தி அறுந்துபோனால் ஸ்கேட்போர்டில் நிற்பவர் முகம் குப்புற விழுவார். மெல்ல மெல்லக் குறைவது அங்கே உயிர் பிரச்சினை; அந்தப் பழக்கம் சைக்கிளுக்கும் அப்படியே வந்தது. ஏதாவது பழுதாகி நின்றால் எந்தப் பிழை, அப்போது மின்னோட்டம் எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு என்று பதிந்து வைத்திருக்கும். அணைத்துவிடாமல் கம்ப்யூட்டரில் இணைத்துக் கேட்டால் சொல்லும். மலிவுக் கண்ட்ரோலர் நின்றுபோனால் மெக்கானிக்குக் கிடைப்பது அமைதி மட்டும்தான்.

மோட்டாரைத் தெரிந்துகொள்வது

அடுத்து வந்த ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் நிரல்) பதிப்புகளில் எஃப்.ஓ.சி. என்ற, காந்தப் புலத்தின் திசையைப் பார்த்து மோட்டாரைக் கட்டுப்படுத்தும் முறை சேர்ந்தது. பழைய முறையில் மூன்று ஃபேஸில் எப்போதும் இரண்டில் மட்டும் மின்னோட்டம் ஓடும். ஒரு ஜோடிக் காந்தம் கடந்துபோகும் ஒவ்வொரு மின்சுழற்சிக்கும் ஆறு தடவை ஜோடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் முறுக்குவிசை லேசாகக் குலுங்கும், அதுதான் பழைய ஹப் மோட்டார்களின் உறுமல். எஃப்.ஓ.சி.யில் மூன்று ஃபேஸ் மின்னோட்டத்தையும் ரோட்டாரோடு (மோட்டாரின் சுற்றும் பகுதி) சேர்ந்து சுற்றும் இரண்டு கூறுகளாக மாற்றிப் பார்க்கிறார்கள். ஒன்று முறுக்குவிசை தருவது, இன்னொன்று காந்தப் புலத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வது. இரண்டாவதைப் பூஜ்யத்தில் வைத்து முதலாவதை மட்டும் ஆட்டினால் மோட்டார் சத்தமில்லாமல், குலுங்காமல் சுற்றும். மின்சாரச் சேமிப்பு என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சத்தம் குறைவதும் ஓட்டம் வழவழப்பாவதும்தான் கைமேல் பலன். பின்னாள் பதிப்புகளில் இரண்டாவது கூறை வேண்டுமென்றே எதிர்த்திசையில் விட்டு, பேட்டரி மின்னழுத்தம் அனுமதிப்பதைவிடக் கூடுதல் வேகம் எடுக்கும் வசதியும் வந்தது.

இந்த வித்தை பலிக்க மோட்டாரின் தடை, தூண்டல், காந்தப் பாய இணைப்பு என்ற மூன்று எண்கள் தேவை. தெருக்கடையில் வாங்கிய ஹப் மோட்டாருக்கு இதையெல்லாம் யார் எழுதித் தருவார்கள்? வெஸ்க் தானே அளந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் மோட்டார் கீச்சிடும், கொஞ்ச நேரம் சுற்றும், எண்கள் வந்துவிடும். என் கணிப்பில் வெஸ்க் பரவியதற்கு இந்த ஒரு வசதி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது. எஃப்.ஓ.சி. அதற்கு முன்பே தொழிற்சாலை டிரைவ்களில் வருடக்கணக்காக இருந்ததுதான். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் யாரையும் கேட்காமல், முன்பின் தெரியாத மோட்டாரில் அதை ஓட்டிவிட முடிந்தது என்பதுதான் புதுசு.

ரோட்டார் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஹால் சென்சார் விஷயத்தில் மட்டும் சீனக் கண்ட்ரோலர்களுக்குப் பாராட்டுச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று ஃபேஸ் கம்பி, மூன்று ஹால் கம்பி; மாற்றி மாற்றி இணைத்தால் 36 விதம் வரும். இதைத் தீர்க்க அவர்கள் இரண்டு கம்பிகளை வெளியே விட்டார்கள். அந்த இரண்டையும் சேர்த்துவிட்டு பேட்டரியைப் போட்டால் சக்கரம் தானே சுற்றி வரிசையைக் கற்றுக்கொள்ளும். சுற்றும் திசை தப்பென்றால் பிரித்து மறுபடி சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், யூ.எஸ்.பி. வேண்டாம். சாலையோர மெக்கானிக்குக் கணினித் திரையைவிட இது வசதி.

வெஸ்க் ஹால் இல்லாமலும் ஓடும். 26 அங்குலச் சக்கரம் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று சுற்றும். 23 ஜோடிக் காந்தம் உள்ள ஹப் மோட்டாரில் அது நிமிடத்துக்கு 4,600 மின்சுழற்சி. அந்த வேகத்தில் மோட்டாரே உண்டாக்கும் எதிர்மின்னழுத்தத்தைப் பார்த்து ரோட்டார் எங்கே இருக்கிறது என்று கணித்துவிடலாம். நின்ற நிலையில் அந்த மின்னழுத்தமே இல்லை. ஸ்கேட்போர்டில் காலால் ஒரு உந்து உந்திவிட்டால் போதும். ஆளோடும் மூட்டையோடும் சிக்னலில் நிற்கும் சைக்கிளுக்கு அது நடக்காது. அதனால் கீழ்வேகத்தில் ஹால், மேல்வேகத்தில் கணிப்பு என்று வெஸ்க் மாறிக்கொள்ளும். மோட்டாருக்குள் ஒரு ஹால் போனாலும் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வீடு வந்து சேரலாம் என்பது கூடுதல் லாபம்.

ஒரே ஒரு செல் தூரம்

இனி குறைகள். வெஸ்க் 4 என்ற பதிப்பில் மூளை எஸ்.டி.எம்.32 எஃப்405 என்ற சிப், மாஸ்ஃபெட்டுகளைத் தட்டித் திறக்கும் வேலை டி.ஆர்.வி.8302 என்ற ஒற்றை சிப்புக்கு. மின்னோட்ட அளவைப் பெருக்குவது, 5 வோல்ட் உண்டாக்குவது என எல்லாம் அந்தச் சிப்புக்குள்ளேயே. பலகை அவ்வளவு சின்னதாக இருந்ததற்கு அது காரணம். அடிக்கடி போனதும் அதுதான். மாஸ்ஃபெட் நன்றாக இருக்கும், டி.ஆர்.வி. பிழை காட்டிக்கொண்டு பலகை செத்துப்போயிருக்கும். எல்லா வேலையையும் ஒரே சிப்பில் வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்து வரும் மின்னழுத்தக் குத்தும் அதையே தாக்கும்.

மின்னழுத்த எல்லை இன்னும் பெரிய சிக்கல். சிப்புக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் எல்லை 60 வோல்ட். பாதுகாப்பாக 12 செல் வரிசை (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 12 லித்தியம் செல்) வரை என்று வெட்டரே எழுதியிருந்தார். முழு சார்ஜில் 12 செல் என்பது 50.4 வோல்ட். ஆனால் 48 வோல்ட் என்று கடையில் விற்கும் சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் 13 செல் வரிசை. முழு சார்ஜில் 54.6 வோல்ட். மிச்சம் 5.4 வோல்ட்தான். மின்னோட்டத்தை வெட்டும் ஒவ்வொரு முறையும் கம்பியின் தூண்டலால் ஒரு குத்து எழும். நீளமான பேட்டரி கம்பி இருந்தால் இன்னும் அதிகம். அதோடு இறக்கத்தில், மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கும் ரீஜென் பிரேக்கும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். உலகத்தில் அதிகம் விற்கும் சைக்கிள் பேட்டரிக்கு இந்தக் கண்ட்ரோலர் ஒரே ஒரு செல் குறைவாக வந்து நின்றது.

அதை 75 அல்லது 100 வோல்ட் மாஸ்ஃபெட்டில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு விலை உண்டு. வெஸ்க் 4இல் இருந்த ஐ.ஆர்.எஃப்.எஸ்.7530இன் தடை அதிகபட்சம் 1.4 மில்லிஓம். 4110இல் அதே அளவு வர மூன்றை இணையாக வைக்க வேண்டும். ஆறு மாஸ்ஃபெட் போதும் என்ற இடத்தில் பதினெட்டு. சைக்கிள் உலகில் 18 மாஸ்ஃபெட் கண்ட்ரோலர் என்று பேசிக்கொள்ளும் அந்த நீளமான அலுமினியப் பெட்டி இப்படிப் பிறந்ததுதான். மின்னழுத்தம், அளவு, சூடு மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்காமல் மற்ற இரண்டைப் பெற முடியாது. வெட்டர் ஸ்கேட்போர்டுக்காக மின்னழுத்தத்தை விட்டுக்கொடுத்தார். தன் தேவைக்குச் சரியான முடிவு.

ஆம்பியர் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்தது. சில விநாடிகளுக்கு 240 ஆம்பியர், தொடர்ந்து ஓட்ட ஏறக்குறைய 50 ஆம்பியர், அதுவும் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் பொறுத்து என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். முதல் எண்ணை மட்டும் பெட்டியில் அச்சடிப்பதுதான் சந்தை வழக்கம்.

அளவீட்டிலும் ஒரு இடறல் இருந்தது. வெஸ்க் 4இல் ஷண்ட்டுகள் கீழ்ப் பக்க மாஸ்ஃபெட்டுக்கு அடியில் இருந்தன. கீழ் மாஸ்ஃபெட் திறந்திருக்கும் நேரத்தில்தான் படிக்க முடியும். முழு வேகத்தை நெருங்கும்போது அந்த இடைவெளி சுருங்கி, அளவில் இரைச்சல் ஏறும். பின்னர் வந்த வெஸ்க் 6இல் ஷண்ட்டுகளை மூன்று ஃபேஸ் கம்பிகளிலேயே நேராக வைத்தார்கள். எந்த நேரத்திலும் படிக்கலாம். அளவீட்டுக்காகக் கூடுதல் காசு செலவழித்த பதிப்பு அது. எஃப்.ஓ.சி. ஓட்டத்தில் நம்பகத்தன்மை கூடியது.

திறந்து வைத்ததன் விளைவு

ஃபர்ம்வேர், யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. சீனாவின் ஃப்லிப்ஸ்கை போன்ற நிறுவனங்கள் இதே அடிப்படையில் பலகைகள் செய்து விற்றன. இங்கிலாந்தின் டிராம்பா, வெட்டரோடு சேர்ந்து வெஸ்க் 6ஐக் கொண்டுவந்தது. நகல் வந்தால் மூல வடிவமைப்பு அழிந்துவிடும் என்பது பொதுவான பயம். இங்கே வேறு மாதிரி நடந்தது. எந்தப் பலகை வாங்கினாலும் அமைக்கும் மென்பொருள் ஒன்றே, பிழைக் குறியீடுகள் ஒன்றே, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஆட்களும் அதே கூட்டம். ஒருவர் கண்டுபிடித்த பிழை எல்லோருக்கும் சரியானது. 75, 100 வோல்ட் தாங்கும் பலகைகள் பல கைகளிலிருந்து வந்தன. 13 செல் சிக்கல் அப்படித்தான் தீர்ந்தது. ஃபர்ம்வேர் 6 வரிசையில் கண்ட்ரோலருக்குள்ளேயே லிஸ்ப் மொழியில் சிறு நிரல் எழுதி ஓட்டும் வசதியும் வந்தது.

ஆனால் பலகையின் தரம் இதில் சேர்த்தி இல்லை. அதே ஃபர்ம்வேர், அதே சர்க்யூட், ஆனால் செம்புப் படலம் மெல்லியது, கபாசிட்டர் சுமாரானது, மாஸ்ஃபெட்டுக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே சரியான ஒட்டுதல் இல்லை என்றால் 50 ஆம்பியர் என்பது 25 ஆகிவிடும்.

தினசரி சைக்கிள் ஏன் இன்னும் வேறு கையில்

வேலைக்குப் போகும் சைக்கிளைப் பார்த்தால் அங்கே இன்றும் அதிகம் தென்படுவது குன்டெங் போன்ற மலிவுக் கண்ட்ரோலர்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. தண்ணீர் புகாத கனெக்டர், ஹேண்டில்பாரில் மாட்டும் டிஸ்ப்ளே, பெடல் சென்சார், பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், விளக்குக்குத் தனி வயர் எல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும். 250 வாட் கியர் ஹப் மோட்டாரில் ஃபேஸ் மின்னோட்டமே குறைவு; மேலே போட்ட 98 ஆம்பியர் கணக்கெல்லாம் அங்கே எழாது. வெஸ்க் பலகையை அந்த வண்டியில் போட வேண்டுமென்றால் பெட்டி செய்ய வேண்டும், மழைக்கு மூட வேண்டும், பெடல் சென்சார் வயரைத் தனியாகப் பிடிக்க வேண்டும், டிஸ்ப்ளே தேட வேண்டும். பெடல் உதவிக்கான வசதி வெஸ்க் ஃபர்ம்வேரில் தாமதமாகத்தான் வந்தது.

சட்டமும் கண்ட்ரோலருக்குள்தான் குடியிருக்கிறது. ஐரோப்பாவில் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. என்ற எல்லை உண்டு; மின்சார சைக்கிளுக்கான இ.என். 15194 தரத்தின் 2017 பதிப்பு, ஓட்டுபவர் அந்த எல்லையை எளிதாக மாற்ற முடியாதபடி செய்யச் சொல்கிறது. இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டால்தான் பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றலாம் என்பது வெஸ்க்கின் பெருமை. வண்டி தயாரிப்பாளருக்கு அதுவே தலைவலி. தன் பெயரில் விற்ற வண்டியின் எல்லையை வாங்கியவர் கைபேசியிலேயே தூக்கிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தயாரிப்பாளர்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது, அதைக் கனடாவின் வான்கூவரில் உள்ள கிரின் டெக்னாலஜீஸ் எடுத்தது. அவர்களின் ஃபேஸ்ரன்னர் எஃப்.ஓ.சி. முறையில் ஓடும்; மோட்டாரைத் தானே அளந்துகொள்ளும்; பேட்டரிக்கும் ஃபேஸுக்கும் தனித்தனி எல்லை வைக்கலாம். பலகையைப் பிசினில் புதைத்து, கனெக்டரோடு, மழையில் போகும் சைக்கிளுக்கென்றே செய்தார்கள். மூலநிரல் திறந்ததல்ல. ஆனால் எந்த எண் எதற்கு என்று ஓட்டுபவருக்குப் புரியும்படி விளக்கி எழுதிக் கொடுக்கிறார்கள், எந்த மோட்டாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். விலை மட்டும் மலிவுக் கண்ட்ரோலரைப் போலப் பல மடங்கு. ஃபேஸ் மின்னோட்டத்தை ஒழுங்காக அளக்கும், மழையைத் தாங்கும், டிஸ்ப்ளேயும் பெடல் சென்சாரும் நேராகப் பொருந்தும் ஒரு கண்ட்ரோலரைக் குன்டெங் விலைக்கு இரண்டு மடங்குக்குள் யாராவது கொடுத்தால், சைக்கிள் கடைக்காரர் அதைத்தான் எடுத்து வைப்பார் என்று நம்புகிறேன்.